ஒரே லென்சில் உலகைப் பிடித்தவர்!

திருநள்ளாற்றில் சனிக்கிழமை என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டியது இல்லை.

நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுகுகிறார்கள். தர்ப்பாரண்யேசுவரரையும் சனி பகவானையும் கும்பிடுகிறார்கள். பிடித்தது விட்டது என்ற நிம்மதியோடு ஊர் திரும்புகிறார்கள்.

நளன் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. சூதாட உட்கார்ந்தான். தோற்றான். அத்தோடு எழுந்திருக்கக் கூடாதா? இன்னும் ஓர் ஆட்டம், இன்னும் ஓர் ஆட்டம் என்று நாட்டையே வைத்துத் தோற்றான். அவனைப் பிடித்த சனி இந்த ஊரில்தான் விட்டது என்பது தல வரலாறு.

அந்தக் குளத்துப் படியில் இன்று கைக்குக் கை காமிரா. ஒரு செல்போனில் மூன்று காமிரா! கழுத்தில் பெரிய காமிராவைத் தொங்கவிட்டு வரும் வாலிபர்களும் உண்டு. அவர்களில் இரண்டு பேர் சந்தித்துக் கொண்டால் பேச்சு எதைப் பற்றி? எடுத்த படத்தைப் பற்றி அல்ல. அடுத்து வாங்கப் போகும் லென்சைப் பற்றி!

கடைசித் தவணை கட்டி முடிப்பதற்குள் அடுத்த மாடல் கடைக்கு வந்து விடுகிறது. கல்யாண வீடுகளில் இரவு பகலாகப் படம் எடுத்துச் சம்பாதித்த பணம், திரும்பக் காமிராக் கடைக்கே போகிறது. வீட்டில் அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருக்கும்.

இந்தப் பித்துப் பிடிக்காத ஒருவர் இருந்தார். அவர் நினைத்திருந்தால் உலகில் உள்ள எல்லாக் காமிராக்களையும் வாங்கியிருக்கலாம். பிறந்தது பணக்கார வீடு. எடுத்த படங்களுக்கு உலகப் பத்திரிகைகள் பணம் கொடுத்தன. ஆனாலும், கைக்குள் அடங்கும் சிறு காமிரா, அதில் ஒரே வகை லென்ஸ். அதைக் கொண்டே அவர் அரை உலகைச் சுற்றினார். நம் தமிழ்நாட்டுக்கும் வந்தார்.

அவர் பெயர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். பிரெஞ்சுக்காரர். அவர் இங்கே வந்த 1950-ம் ஆண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. திருநள்ளாறும் அந்தக் கொடியின் கீழ்தான் இருந்தது. ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1-ந் தேதி.

நூல்கார வீட்டுப் பிள்ளை

பாரிஸ் நகருக்கு அருகே உள்ள சாந்தலூ என்ற ஊரில், 1908 ஆகஸ்டு 22-ந் தேதி பிரெஸ்ஸோன் பிறந்தார்.

குடும்பத் தொழில் தையல் நூல் உற்பத்தி. பிரான்ஸ் நாட்டுப் பெண்களின் தையல் பெட்டிகளில் அந்தக் குடும்பத்தின் பெயர் அச்சிட்ட நூல்கண்டு இருக்கும். அவ்வளவு பெரிய வியாபாரம். ஆனால் வீட்டில் ஒரு காசை அனாவசியமாகச் செலவு செய்ய விடமாட்டார்கள்.

மகன் நூல் ஆலையைக் கவனித்துக் கொள்வான் என்று தந்தை எதிர்பார்த்தார். மகனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஓவியம் வரைய ஆசை. ஆந்திரே லோத் என்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். எந்தப் பொருள் எந்த இடத்தில் நின்றால் படம் எடுப்பாக இருக்கும் என்ற கணக்கை லோத் மாணவர்களின் மண்டையில் ஏற்றினார். பிற்காலத்தில் பிரெஸ்ஸோனுக்குச் சோறு போட்டது அந்தப் படிப்புதான்.

சிறு வயதில் அவரிடம் ஒரு பெட்டிக் காமிரா இருந்தது. விடுமுறை நாட்களில் விளையாட்டாகப் படம் எடுப்பார். அவ்வளவுதான்.

தாத்தாவின் கணக்கு

ராணுவத்தில் கட்டாயச் சேவை முடிந்ததும், அவர் ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஐவரி கோஸ்ட் நாட்டில் காட்டு விலங்குகளை வேட்டையாடி, அந்த இறைச்சியை விற்றுப் பிழைத்தார்.

கொடிய விஷக் காய்ச்சல் வந்தது. சிறுநீரே கறுத்துப் போகும் காய்ச்சல். பிழைக்க மாட்டோம் என்று நினைத்துத் தாத்தாவுக்குக் கடிதம் எழுதினார். தன்னை நார்மண்டியில் ஒரு காட்டின் ஓரம் புதைக்க வேண்டும், புதைக்கும்போது இன்ன சங்கீதம் வாசிக்க வேண்டும் என்று விவரமாக எழுதினார்.

மாமாவிடமிருந்து பதில் வந்தது. இதற்கெல்லாம் செலவு அதிகம் ஆகும் என்று தாத்தா கருதுகிறார், ஆகவே முதலில் உயிரோடு ஊருக்கு வந்து சேர்வதே நல்லது என்று அதில் கண்டிருந்தது!

பிரெஸ்ஸோன் பிழைத்து வந்து சேர்ந்தார். ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போயிருந்தது ஒரு பழைய சிறு காமிரா. ஈரக் காற்றில் பிலிம் எல்லாம் பூஞ்சணம் பிடித்துப் பெரும்பாலான படங்கள் அழிந்து போயின.

மூன்று சிறுவர்கள்

உடம்பு தேறி வந்த நாட்களில், ஒரு போட்டோ அவர் கண்ணில் பட்டது. மங்காச்சி என்ற ஹங்கேரி நாட்டுக்காரர் எடுத்தது. டாங்கனீக்கா ஏரியில் மூன்று கறுப்புச் சிறுவர்கள் அலையை நோக்கி ஓடுகிறார்கள். மூன்று உடம்புகளும் நிழலாகத் தெரிகின்றன. அதில் துள்ளும் உயிரைக் கண்டு பிரெஸ்ஸோன் திகைத்துப் போனார். ஒரு நொடியைக் காமிராவால் இப்படி நிறுத்த முடியுமா! தூரிகையைக் கீழே வைத்தார்.

1932-ல் மார்செய் துறைமுக நகரில் ஒரு லைகா காமிரா வாங்கினார்.

லைகா, ஜெர்மன் காமிரா. அதை உருவாக்கியவர் ஓஸ்கர் பார்னாக். 1925-ல்தான் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் பத்திரிகைப் படக்காரர்கள் ஒரு பெட்டியைத் தூக்கிக் கொண்டு அலைந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தகடு மாற்ற வேண்டும். லைகாவில் சினிமா பிலிமைப் போட்டு, 36 படம் வரிசையாக எடுக்கலாம். கோட்டுப் பைக்குள் போட்டுக் கொள்ளலாம்.

அதில் 50 மில்லிமீட்டர் லென்சைப் போட்டார். இது தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டாது. பக்கத்தில் உள்ளதை விரித்தும் காட்டாது. ஏறக்குறைய நாம் கண்ணால் பார்க்கும் அளவில் காட்டும். பெரிதாக வேண்டுமா? நாலடி முன்னே நடக்க வேண்டும். சிறிதாக வேண்டுமா? பின்னே நகர வேண்டும். காலுக்குத்தான் வேலை!

ஒரே லென்சில் பழகப் பழக ஒரு லாபம் உண்டு. காமிராவைக் கண்ணருகே கொண்டு போகும் முன்பே, சட்டத்துக்குள் எது விழும், எது விழாது என்று மனசுக்குத் தெரிந்து விடும். தையற்காரருக்கு முழம் கையில் நிற்பது போல! பத்து லென்ஸ் வைத்திருப்பவர் எதை மாட்டலாம் என்று பையைத் துழாவுவார். அதற்குள் எதிரே சிரித்த குழந்தை சிரித்து முடித்திருக்கும்.

பளபளவென்று மின்னும் இடங்களில் கறுப்பு நாடாவை ஒட்டினார். பார்ப்பவர் கண்ணில் காமிரா படக்கூடாது என்பதற்காக! சில சமயம் கைக்குட்டைக்குள் மறைத்தும் வைப்பார். பளிச்சென்று எரியும் பிளாஷ் விளக்கை அவர் தொடவே மாட்டார். சங்கீதக் கச்சேரிக்குத் துப்பாக்கியோடு போவது போன்ற மரியாதைக் குறைவு அது என்பது அவர் எண்ணம்.

அந்த 1932-ம் ஆண்டிலேயே, பாரிஸ் சான் லசார் ரெயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு படம் எடுத்தார். மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. ஒரு மனிதர் அதைத் தாண்டிக் குதிக்கிறார். குதிகால் இன்னும் தண்ணீரில் படவில்லை. வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்த படம். உலகம் முழுவதும் இன்றும் பேசப்படும் படம் அது.

ராஜா எங்கே?

1937-ல் ரத்னா மோகினி என்ற ஜாவா நாட்டு நடன மங்கையை மணந்தார்.

அதே ஆண்டு மே மாதம் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு முடிசூட்டு விழா. உலகத்துப் படக்காரர்கள் எல்லாம் தங்களிடம் உள்ள பெரிய பெரிய காமிராக்களைத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்காகப் பிரெஸ்ஸோனும் போனார். திரும்பி வந்து படங்களைக் கொடுத்தார். ஒன்றில் கூட ராஜா இல்லை!

தெரு ஓரத்தில் காத்திருந்த ஜனங்களையே எடுத்திருந்தார். கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும் கிழவிகள். பழைய காகிதக் குப்பைமேட்டில் படுத்துத் தூங்கிவிட்ட ஒரு மனிதர். ராஜாவைத் தூரத்திலிருந்து இழுத்துக் காட்டும் லென்ஸ் அவரிடம் இல்லை. இருந்திருந்தால் அவரும் ராஜாவைத்தான் எடுத்திருப்பாரோ என்னவோ!

மண்ணுக்குள் காமிரா

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. பிரெஸ்ஸோன் ராணுவத்தின் படப் பிரிவில் வேலை பார்த்தார். 1940 ஜூன் மாதம் ஜெர்மானியர் பிரான்சை மடக்கினார்கள். பிடிபடுவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். வோழ் மலைப் பகுதியில் ஒரு பண்ணை நிலத்தில் குழி தோண்டி, லைகாவைப் புதைத்தார்.

ஏறக்குறைய 3 ஆண்டு சிறை முகாம். கூலியில்லா வேலை. இரண்டு தடவை தப்பி ஓடிப் பிடிபட்டார். தண்டனை கிடைத்தது. 1943-ல் மூன்றாவது தடவை தப்பினார். திரும்பி வந்து அந்தக் குழியைத் தோண்டினார். காமிரா இருந்தது!

வெளியே அவர் செத்துப் போனதாகவே பேச்சு. அமெரிக்காவில் நியூயார்க் நவீனக் கலைக்கூடம், மறைந்த கலைஞர் என்று எண்ணி அவருடைய படங்களுக்கு ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தது. அவர் உயிரோடு போய், தம் அஞ்சலிக் கண்காட்சிக்குத் தாமே உதவி செய்தார். 1947 பிப்ரவரியில் கண்காட்சி திறக்கப்பட்டது.

அதே ஆண்டில் ராபர்ட் காப்பா முதலிய நண்பர்களோடு சேர்ந்து, மாக்னம் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். படம் எடுப்பவருக்கே படத்தின் உரிமை என்பது அதன் கொள்கை. நண்பர்கள் உலகைப் பங்கு போட்டுக் கொண்டார்கள். பிரெஸ்ஸோன் பங்குக்கு ஆசியா வந்தது. மனைவியோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார்.

பிர்லா மாளிகை

அப்போதுதான் சுதந்திரம் கிடைத்திருந்தது. நாடு இரண்டாகி, அகதிகள் லட்சக்கணக்கில் அலைந்தார்கள். குருட்சேத்திர அகதி முகாமில், சோர்வும் விரக்தியும் போகக் கைகளைத் தூக்கி ஆடும் மனிதர்களை அவர் எடுத்த படம் இன்றும் பார்ப்பவர் நெஞ்சைத் தொடும்.

1948 ஜனவரி 30-ந் தேதி. டெல்லி பிர்லா மாளிகையில் காந்தி அடிகளைச் சந்தித்தார். நியூயார்க் கண்காட்சிப் புத்தகத்தைக் காட்டினார். அடிகள் நிதானமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு படத்தில் நிறுத்தினார். பிரெஞ்சுக் கவிஞர் கிளோதெல், போகும் பிண வண்டி ஒன்றைத் திரும்பிப் பார்க்கும் படம் அது. அதன் பொருள் என்ன என்று கேட்டார். மரணம் என்ற சொல்லை மூன்று தடவை சொல்லிக் கொண்டார்.

பிரெஸ்ஸோன் விடைபெற்றார். சிறிது நேரத்துக்குள், காந்தி அடிகள் சுடப்பட்டார் என்ற செய்தி தெருவில் பரவியது. திரும்ப ஓடினார்.

இருட்டி விட்டது. மாளிகை வாசலில் ஜனசமுத்திரம். நேரு வெளியே வந்து, அடிகள் மறைந்ததை ஜனங்களுக்குச் சொல்கிறார். அங்கே இருந்தது மங்கலான விளக்கு வெளிச்சம்தான். பிரெஸ்ஸோனிடம் பிளாஷ் இல்லை. இருந்த வெளிச்சத்தில் எடுத்தார்.

அந்தப் படம் தெளிவாக இல்லை. விளக்கின் ஒளி சிதறித் தெரிகிறது. சுற்றி நிற்பவர்கள் கலங்கித் தெரிகிறார்கள். போட்டோக் கடைக்காரர் யாரிடம் காட்டினாலும், நல்ல காமிரா வாங்குங்கள் என்றுதான் சொல்வார். ஆனால் அந்த இரவு எப்படி இருந்தது என்று கேட்டால், இன்றும் அந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அதே இரவு அதே வீட்டில் இன்னொரு சம்பவமும் நடந்தது. மார்கரெட் பூர்க் வைட் என்ற அமெரிக்கப் பெண்மணி மிகத் திறமைசாலியான படக்காரர். ராட்டையின் அருகே காந்தி அடிகள் அமர்ந்திருக்கும் புகழ் பெற்ற படத்தை எடுத்தவர் அவர்தான். அடிகளின் உடல் கிடத்தப்பட்டிருந்த அறைக்குள் அவர் காமிராவை மறைத்துக் கொண்டு போனார். பிளாஷ் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அழுது கொண்டிருந்தவர்கள் கொதித்து விட்டார்கள். காமிராவைப் பிடுங்கி, பிலிமை வெளிச்சத்தில் காட்டி அழித்தார்கள். அந்த அம்மையாரின் திறமைக்கு அந்த இரவில் குறை இல்லை. விளக்குத்தான் காட்டிக் கொடுத்தது.

பிரெஸ்ஸோன் எடுத்த இறுதி ஊர்வலப் படங்கள் அமெரிக்காவின் லைப் பத்திரிகையில் வந்தன. அவர் பெயர் உலகெங்கும் தெரிந்தது.

8 மணி 47 நிமிடம்

பிறகு சீனா. அங்கே ஆட்சி மாறிய நாட்களைப் படம் எடுத்தார். பிறகு இந்தோனேசியா. 1950-ல் தமிழ்நாட்டுக்கு வந்தார்.

திருவண்ணாமலையில் ரமண மகரிஷி புற்றுநோயால் படுத்திருந்தார். கோவணம், கமண்டலம், கைத்தடி. இவைதாம் மகரிஷியின் சொத்து. அவருடைய கடைசி நாட்களில் எடுத்த படங்களில் பிரெஸ்ஸோன் எடுத்தவையும் உண்டு.

ஏப்ரல் 14-ந் தேதி இரவு. ஆசிரமத்துக்கு வெளியே ஒரு வீட்டில் பிரெஸ்ஸோன் தங்கியிருந்தார். வானத்தில் பிரகாசமான ஒரு நட்சத்திரம், வாலோடு மெல்ல நகர்ந்து, அருணாசல மலை உச்சிக்குப் பின்னே மறைந்ததைக் கண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8.47. ஆசிரமத்துக்கு ஓடினார். அதே நிமிடத்தில்தான் மகரிஷியின் உயிர் பிரிந்திருந்தது. அந்த ஒளியைப் பற்றி அவர் உலகுக்குத் தெரிவித்தது சொல்லால்தான்.

பத்து நாள் கழித்துப் புதுச்சேரியில் இருந்தார்.

அரவிந்தர் 1910 முதல் அங்கே வாழ்ந்து வந்தார். 1926-க்குப் பிறகு அவர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஆண்டில் சில நாட்கள் மட்டும் தரிசனம். ஏறக்குறைய 30 ஆண்டுகளாக அவரை யாரும் படம் எடுத்தது இல்லை. ஏப்ரல் 24-ந் தேதி தரிசனத்தை ஒட்டி, அன்னையின் சம்மதத்தோடு பிரெஸ்ஸோனுக்கு அனுமதி கிடைத்தது. அன்னையும் பாரிசில் பிறந்தவரே.

அறைக்குள் அரவிந்தர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் போல பிரெஸ்ஸோன் அங்கே இருந்தார். அத்தனை நேரமும் அவர் இமை கூடக் கொட்டவில்லை என்று வியந்து எழுதி வைத்திருக்கிறார். கூடுதல் விளக்கோ, விளக்கைத் தாங்கும் கம்பமோ, எடுபிடி ஆளோ அங்கே இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி அரவிந்தர் மறைந்தார். நாற்காலியில் அமர்ந்த அந்தக் கோலத்தைப் புதுச்சேரி வட்டாரத்தில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் காணலாம்.

சாமியார் அல்ல

பிரெஸ்ஸோன் புதிய காமிராவே வாங்காத சாமியார் என்று எண்ணிவிடக் கூடாது. லைகா கம்பெனி 1954-ல் எம்-3 என்ற புது மாடலை வெளியிட்டபோது, அவரும் அதற்கு மாறினார். தேய்ந்த காமிராவைப் போட்டுவிட்டு அதே இனத்தில் வேறு ஒன்றை எடுத்துக் கொள்வார். எப்போதாவது வேறு லென்சும் போட்டது உண்டு. அகன்ற காட்சி வேண்டும் என்றால் 35. மலைச்சாரல் போன்றவற்றுக்கு 90. வேலை முடிந்ததும் 50-க்கே திரும்பி விடுவார்.

பிலிம் வாங்குவதில் மட்டும் கஞ்சத்தனமே கிடையாது. சுருள் சுருளாக எடுத்துத் தள்ளினார். எடுத்ததில் பத்துக்கு ஒன்று கூடத் தேறாது என்பது அவருக்குத் தெரியும். கழுவிப் பிரதி எடுக்கும் வேலையைப் பாரிசில் நம்பிக்கையான ஒரு கூடத்திடம் விட்டு விட்டார். அதற்கான எந்திரங்களையும் அவர் வாங்கிக் குவிக்கவில்லை. எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டிச் சரிசெய்யவும் யாரையும் விடமாட்டார். ரெயில் நிலையப் படம் போல ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு. வேலிப் பலகை குறுக்கே விழுந்து விட்டதால் அதை மட்டும் வெட்ட வேண்டியதாயிற்று.

பணம் போன வழி ரெயில், கப்பல், பஸ் டிக்கெட். ஓர் ஊருக்குப் போனால் நாள் கணக்கில், மாதக் கணக்கில் தங்குவார். இந்தக் காலத்து வாலிபர் ஒருவர் ஒரு லென்சுக்குக் கொடுக்கும் விலையில், ரெயில் ஏறி இமயமலை வரை போய்த் திரும்பலாம். இந்தக் கணக்கைக் காமிராக் கடையில் யாரும் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

1952-ல் அவருடைய 126 படங்கள் அடங்கிய புத்தகம் வெளிவந்தது. அதன் அட்டையை வரைந்து கொடுத்தவர் ஓவிய மேதை மத்தீஸ். 1954-ல் ரஷ்யாவுக்குப் போனார். 1966-ல் மறுபடியும் இந்தியா வந்தார். ஆமதாபாத்தில் சாயம் தோய்த்த நீள நீளமான துணிகள் தரையில் காய்வதை மேலிருந்து எடுத்தது அப்போதுதான்.

பெட்டிக்குள் போனது

புகழின் உச்சியில் இருந்தபோது, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காமிராவையும் விட்டார்!

இளமையில் கீழே வைத்த பென்சிலை எடுத்தார். ஒரு காகிதம், ஒரு பென்சில். அருங்காட்சியகங்களில் உட்கார்ந்து வரைந்தார். ஜன்னல் அருகே உட்கார்ந்து வரைந்தார். லைகா வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் போனது. எப்போதாவது வீட்டாரையோ நண்பரையோ படம் எடுக்க வெளியே வரும். ரத்னா மோகினியைப் பிரிந்த பின், 1970-ல் மார்ட்டீன் பிராங்க் என்ற படக்கலைஞரை மணந்திருந்தார். அவர்களுக்கு ஒரு மகள் உண்டு.

தேடி வந்தவர்கள் காமிராவைப் பற்றியே கேட்டார்கள். எந்த லென்ஸ், எந்தப் பிலிம், எத்தனை வெளிச்சம்? அந்தக் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல விரும்புவதில்லை. ஓவியத்தைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். தம்மை யாராவது படம் எடுக்க வந்தால் முகத்தை மறைத்துக் கொள்வார். தெருவில் யாருக்கும் தம் முகம் தெரியக்கூடாது என்று ஆயுள் முழுவதும் பாடுபட்டவர் அல்லவா!

2004 ஆகஸ்டு 3-ந் தேதி, தெற்குப் பிரான்சில் மோன்ழுஸ்தேன் என்ற மலைக் கிராமத்தில் அவர் காலமானார். 96 வயது நிறைய இன்னும் 19 நாள் இருந்தது. அந்தக் கிராமத்துக் கல்லறையிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.